வீடு உடைத்துத் திருட்டு: உடைந்த கதவிலிருந்து சாட்சிக் கூண்டு வரை

குமரி மாவட்டத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவே இல்லை. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பார், பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார்கள், வீட்டில் இருக்கும் அம்மாவும் நாலு நாள் மகள் வீட்டுக்குப் போயிருப்பார். திரும்பி வந்து பார்த்தால் பின்வாசல் திறந்து கிடக்கும், பீரோவின் துணிமணியெல்லாம் தரையில் கிடக்கும். அந்த நிமிஷத்திலிருந்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லி முடிக்கும் வரை என்னென்ன நடக்கும், எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை முதல்முறை இதில் மாட்டிக்கொள்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீதிபதி உங்கள் வீட்டைப் பார்த்ததில்லை. அவர் முன்னால் மூன்று கேள்விகள் இருக்கும்: சட்டம் சொல்லும் வகையில் வீடு உடைக்கப்பட்டதா? இந்தப் பொருள்தான் இந்த வீட்டிலிருந்து போனதா? செய்தது கூண்டில் நிற்கும் இந்த ஆள்தானா? மூன்றுக்கும் தனித்தனியாகச் சாட்சியம் வேண்டும். ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் சந்தேகத்தின் பலன் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, போகும். அப்படித்தான் போகவும் வேண்டும், இல்லாவிட்டால் யாரை வேண்டுமானாலும் பிடித்து உள்ளே போட்டுவிடலாம்.

சட்டம் எதை ‘வீடு உடைத்தல்’ என்கிறது

1.7.2024 முதல் நடந்த குற்றங்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா பொருந்தும். அதற்கு முன்னால் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான், வழக்கு இன்று விசாரணைக்கு வந்தாலும் சரி. அதனால் பழைய வழக்குகளில் 454, 457, 380 என்ற எண்களையும், புதியவற்றில் 331, 305 என்ற எண்களையும் பார்ப்பீர்கள்.

அடுத்தவர் கட்டடத்துக்குள் குற்ற நோக்கத்தோடு நுழைவது அத்துமீறல். மனிதர் குடியிருக்கும் கட்டடம், கூடாரம், படகு போன்ற கலம், வழிபாட்டு இடம், பொருள் வைத்துப் பாதுகாக்கும் கட்டடம் எல்லாம் இதில் அடங்கும். ஆகவே குலசேகரத்தில் ரப்பர் ஷீட் அடுக்கி வைத்திருக்கும் ஷெட்டும் சட்டத்தின் கண்ணில் இந்தப் பாதுகாப்புக்குள் வரும். ஆனால் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து ஒட்டுப்பாலை (உறைந்த பாலை) உருவிக்கொண்டு போனால் அது வெறும் திருட்டு. வாரக்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகில் ஆட்கள் உண்டு உறங்குவதால், குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ கட்டிக் கிடக்கும் அப்படிப்பட்ட படகை ‘மனிதர் குடியிருக்கும் கலம்’ என்று வாதாட இடமுண்டு.

அந்த அத்துமீறல் ‘வீடு உடைத்தல்’ ஆவதற்கு 330-ஆம் பிரிவு ஆறு வழிகளைச் சொல்கிறது. பூட்டை உடைத்தால்தான் குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஓட்டைப் பிரித்தோ சுவரில் துளை போட்டோ தானே வழி உண்டாக்கி இறங்குவது ஒரு வழி. ஜன்னல் போல, மனிதர் நுழைவதற்கென்று வைக்காத வழியில் புகுவதும், சுவர் ஏறி மொட்டை மாடிக்குப் போய் அங்கே திறந்து கிடந்த படிக்கட்டுக் கதவு வழியாக இறங்குவதும் இன்னொன்று. இங்கே எதுவும் உடையவில்லை, ஆனாலும் சட்டப்படி வீடு உடைத்தல்தான். கதவின் இடுக்கில் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தூக்குவதும், பூட்டைத் திறப்பதும் அப்படியே. நீங்கள் தொலைத்த சாவி கிடைத்து, அதை வைத்து ஒருவன் திறந்தாலும் பூட்டைத் திறந்து புகுந்த குற்றம்தான். வாசலில் நிற்பவரைத் தள்ளியோ மிரட்டியோ நுழைவதும் சேரும். கடைசி வழி, தாழிட்டிருந்த கதவைத் தானே திறந்துகொண்டு நுழைவது அல்லது வெளியேறுவது. பகலில் திறந்த வாசலில் நுழைந்து கட்டிலுக்கடியில் ஒளிந்திருந்து, இரவில் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கி வெளியேறியவனும் இதில் மாட்டுவான்.

முழு ஆளும் உள்ளே வர வேண்டும் என்பதில்லை. உடம்பின் ஒரு பகுதி நுழைந்தால் போதும். கோடையில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கும் வீடுகளில் கம்பிக்கிடையே கையை விட்டு மேசையில் இருந்த போனை எடுத்தால், கை நுழைந்ததே நுழைவு. நீளக் கம்பி மட்டும் உள்ளே போய், கை வெளியே நின்றிருந்தால் வீடு புகுந்ததாக நிரூபிப்பது கடினம். அப்போதும் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து திருடியதற்கான 305 நிற்கும், அதற்கு 7 ஆண்டு வரை தண்டனை உண்டு.

வேலைக்கு வருபவரிடம் நீங்களே கொடுத்த சாவியால் அவர் திறந்து எடுத்தால் கதை வேறு. அது வேலைக்காரர் செய்த திருட்டு, அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. முற்றத்தில் கிடந்த மோட்டாரோ தேங்காயோ போனால் 303-ஆம் பிரிவுத் திருட்டு. மதில் ஏறிக் குதித்திருந்தாலும், கட்டடத்துக்குள் கால் வைக்காதவரை வீடு உடைத்தல் ஆகாது.

இதில் நேரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. திருடும் நோக்கத்தோடு வீடு உடைத்தால் 331(3)-ன்படி 10 ஆண்டு வரை. அதையே சூரியன் மறைந்து உதிப்பதற்குள் செய்தால் 331(4)-ன்படி 14 ஆண்டு வரை. நம் மாவட்டத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் எந்த மாதமானாலும் சட்டப்படி இரவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை பூட்டிவிட்டுப் போய்த் திங்கட்கிழமை வந்து பார்த்தால், உடைத்தது பகலா இரவா என்று யாருக்குத் தெரியும்? கேமராப் பதிவோ, சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரரோ இல்லாவிட்டால் ‘இரவு’ நிரூபணமாகாது, குறைந்த பிரிவுதான் மிஞ்சும். புகாரில் ‘நள்ளிரவில்’ என்று ஊகித்து எழுதாதீர்கள். கடைசியாக எப்போது பூட்டியிருந்தது, எப்போது திறந்து கிடக்கக் கண்டீர்கள் என்ற இரண்டு நேரங்களை மட்டும் எழுதுங்கள்.

ஒன்றும் போகவில்லை, நாய் குரைத்து ஓடிவிட்டான் என்றால் புகார் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு. திருடும் நோக்கத்தோடு உடைத்ததே முழுக் குற்றம். நோக்கத்தைப் பீரோவின் நெளிந்த கைப்பிடியே சொல்லும். புகார் கொடுங்கள்.

முதல் ஒரு மணி நேரம்

உள்ளே ஆள் இருக்கலாம் என்று தோன்றினால் நுழையாமல் 100 அல்லது 112-ஐ அழையுங்கள். ஆள் இல்லை என்று உறுதியானாலும் பீரோவைத் தொடாதீர்கள். என்ன போயிருக்கிறது என்று பார்க்கும் அவசரத்தில் வீட்டாரும் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொரு இழுப்பாக இழுத்துப் பார்ப்பதுதான் மிகப் பெரிய சேதம். விரல் ரேகை நன்றாகப் பதியும் இடங்கள் பீரோவின் பெயின்ட் பூசிய கதவு, கண்ணாடி, டைல்ஸ், பிளாஸ்டிக் டப்பா. அவையெல்லாம் நம் கையும் முதலில் போகும் இடங்கள்.

வெளியே ஈர மண்ணில் கால்தடம் தெரிந்தால் ஒரு வாளியையோ சருவத்தையோ கவிழ்த்து வையுங்கள். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது, போலீஸ் வருவதற்குள் ஒரு மழை போதும். உடைந்த பூட்டை எடுத்து மேசைமேல் வைக்காதீர்கள். கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். போனில் படம் எடுங்கள், எடுத்த போனையும் படத்தின் அசலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

7 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டம் சொல்கிறது. மாநிலங்கள் இதைப் படிப்படியாகக் கொண்டுவர 5 ஆண்டு அவகாசம் உண்டு. ‘விரல் ரேகைப் பிரிவு வருமா சார்?’ என்று நீங்களே கேட்பதில் தவறில்லை. மோப்ப நாய் எதிரி வீட்டு வாசல் வரை போனது என்பதை மட்டும் வைத்து நீதிமன்றம் தண்டிக்காது, அதை நம்பி இருக்க வேண்டாம்.

புகார் எழுதுவது

வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஆறு மாதமோ ஆறு வருஷமோ கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் வைத்துக் கேள்வி கேட்கப்போவது இந்தக் காகிதத்தைத்தான்.

‘சுமார் 20 பவுன் நகை’ என்று எழுதிவிடுவது வழக்கம். அது போதாது. ஒவ்வொரு நகைக்கும் பெயர், எடை, அடையாளம் வேண்டும்: ‘இரட்டை வடச் சங்கிலி, 3 பவுன், கொக்கி அருகே ஈயம் வைத்து ஒட்டியது’, ‘கல் ஒன்று விழுந்த ஜிமிக்கி, இடது காது’. இப்படி எழுதினால்தான் ஆறு மாதம் கழித்து நகை கிடைக்கும்போது ‘இது என்னுடையது’ என்று சொல்ல முடியும். பில் இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு இரண்டு வழிகள். கல்யாண ஆல்பத்தில் அந்த நகை தெளிவாகத் தெரியும் படம் இருக்கும். அப்புறம், எப்போதாவது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அடகு வைத்திருப்பீர்கள். மதிப்பீட்டாளர் எழுதிய விவரமும் எடையும் அந்த நகைக்கடன் ரசீதில் இருக்கும். நகையைத் திருப்பிய பிறகு ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள், நகைக்கடை பில்லைவிட அது சில சமயம் கூடுதலாக உதவும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய ஹால்மார்க் நகையென்றால் ஆறு எழுத்து-எண் கொண்ட தனி அடையாளக் குறி இருக்கும், அதையும் எழுதுங்கள்.

கூட்டிச் சொல்லவே கூடாது. 8 பவுன் போனதை 12 என்று சொல்லி, 8 பவுன் கிடைத்தால் மீதி எங்கே என்ற கேள்வி முழுப் புகாரையும் கெடுக்கும். பதற்றத்தில் விட்டுப்போனது பிறகு நினைவுக்கு வந்தால், உடனே காரணத்தோடு கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம். யார்மீதாவது சந்தேகம் இருந்தால் ஏன் என்ற காரணத்தோடு சந்தேகமாக மட்டும் எழுதுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் வேலைக்கு வந்த வெளிமாநில இளைஞன் என்பது ஒரு காரணமே அல்ல. ஊர்க்காரர்கள் யாரையாவது பிடித்துக் கட்டிவைத்து அடித்து ஒப்புக்கொள்ள வைத்தால், அந்த ஒப்புதலுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை, அடித்தவர்கள்மேல் தனி வழக்கு வரும். அப்படிக் குற்றமற்ற ஒருவன் நசுங்குவதைத் தடுக்க வேண்டியது பொருளைப் பறிகொடுத்தவரின் கடமையும்கூட.

எழுதிக் கொடுத்ததற்கு முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும். மனு ரசீதான சி.எஸ்.ஆர். மட்டும் கொடுத்து அனுப்பினால் அது போதாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கைது செய்யத்தக்க குற்றம் வெளிப்பட்டால் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று ஒன்று புதிய சட்டத்தில் இருப்பது உண்மை. ஆனால் அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். வீடு உடைத்துத் திருடியது அதில் வராது. வெறும் 303 என்று பதிந்தால் வரும். அதனால்தான் இலவசமாகக் கிடைக்கும் நகலை வாங்கியதும் 331, 305 இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்கிறேன்.

வெளியூரில் இருந்தால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், அவர்கள் எண்ணிடாமல் பதிந்து உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். மின்னணு வழியில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். வளைகுடாவில் இருப்பவருக்காக இங்கே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரே கொடுக்கலாம். பதிய மறுத்தால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பி, அதற்கும் பலனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம்.

மகஜர், கேமரா

போலீஸ் வந்து பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் எழுதுவார்கள். கதவு எந்தத் திசையில், பூட்டு எங்கே கிடந்தது, ஓடு எத்தனை பிரிந்திருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் கேள்வியான ‘வீடு உடைக்கப்பட்டதா’ என்பதற்கு இதுவே பதில். சாட்சியாகக் கையெழுத்திடச் சொன்னால் படித்துப் பார்த்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் யார் கேட்டாலும் போடாதீர்கள். பொருளைக் கைப்பற்றுவதை இப்போது ஒலி-ஒளிப் பதிவு செய்தாக வேண்டும்.

கேமராப் பதிவு சில நாளிலோ வாரத்திலோ தானாக அழிந்து மேலே புதிது பதியும். தெருவில் எந்தெந்த வீட்டில், கடையில், பள்ளிவாசலில், குருசடியில் கேமரா இருக்கிறது என்று அன்றைக்கே பார்த்து விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். வாட்ஸப்பில் சுற்றும் துண்டு வீடியோ மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. அசல் கருவியைக் கொடுக்காமல் நகலைக் கொடுப்பதானால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். கருவியின் பொறுப்பாளர் ஒரு பகுதியையும் வல்லுநர் ஒரு பகுதியையும் நிரப்ப வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாததால் முகம் தெளிவாகத் தெரியும் பதிவும் ஒதுக்கப்படலாம்.

ஆளைப் பிடித்த பிறகு

‘எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்’ என்று கேள்விப்பட்டு நிம்மதி அடையாதீர்கள். போலீசிடம் சொன்ன ஒப்புதலை அப்படியே சாட்சியமாக எடுக்க முடியாது. அதே சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரே ஒரு விலக்கு தருகிறது: அவன் சொன்னதால் புதிதாக ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புள்ள சொற்கள் மட்டும் ஏற்கப்படும். ‘நான்தான் கருங்கல் ஊரில் வீட்டை உடைத்து நகையை எடுத்தேன், அதை ரப்பர் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் புதைத்திருக்கிறேன், வந்தால் காட்டுகிறேன்’ என்று ஒருவன் சொன்னதாக வைத்துக்கொள்வோம். நகை அங்கே கிடைத்தால் ‘புதைத்திருக்கிறேன், காட்டுகிறேன்’ என்ற பகுதி நிற்கும். ‘வீட்டை உடைத்தேன்’ என்பது போய்விடும். பிரிட்டிஷ் ஆட்சிக்கால மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் புலுகூரி கோட்டய்யா வழக்கில் வகுத்த இந்த எல்லையை நீதிமன்றங்கள் இன்றும் பின்பற்றுகின்றன.

அப்படியானால் உடைத்தவன் அவன்தான் என்று எப்படி நிலைநாட்டுவது? இங்கே சாட்சியச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு உதவும். திருடு போன சிறிது காலத்திலேயே அந்தப் பொருள் ஒருவன் கையில் இருந்து, எப்படி வந்தது என்று அவனால் சொல்ல முடியாவிட்டால், அவன் திருடன் அல்லது திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கியவன் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். ஊகித்தே ஆக வேண்டும் என்பதில்லை. மூன்றாம் நாள் கிடைப்பதற்கும் ஒரு வருஷம் கழித்துக் கிடைப்பதற்கும் பலத்தில் பெரிய வித்தியாசம் உண்டு, நகை வேகமாகக் கைமாறும் பொருள். நாள் கூடக் கூட, திருடன் என்பது நழுவி, பொருளை வாங்கியவன் என்ற நியாய சன்ஹிதா 317 மட்டும் மிஞ்சலாம். அதற்கு 3 ஆண்டு வரைதான். நகையை அடகுக்கடையில் வைத்திருந்தால் கடைக்காரரின் பதிவேடும் அவர் சாட்சியமும் முக்கியம். உருக்கிவிட்டால் கட்டித் தங்கத்தை உங்கள் நகை என்று அடையாளம் காட்ட வழியில்லை.

கண்டெடுத்த இடம் யார் வேண்டுமானாலும் போகக்கூடிய வெளியிடமாக இருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். மீட்பின்போது சாட்சியாக நின்ற கிராம நிர்வாக அலுவலரோ ஊர்க்காரரோ கூண்டில் ‘ஸ்டேஷனில்தான் கையெழுத்துப் போட்டேன்’ என்று சொல்லிவிட்டால் வழக்கு ஆட்டம் கண்டுவிடும்.

ஆளை நீங்கள் நேரில் பார்த்திருந்தால், பலரோடு நிறுத்தி அவனை அடையாளம் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு முடியும்வரை அவன் படத்தைப் பார்க்காதீர்கள். உறவினர் போனில் அனுப்பினாலும் திறக்காதீர்கள். முன்பே பார்த்துவிட்டால் அந்த அடையாளத்துக்கு மதிப்பு குறைந்துவிடும்.

நீதிமன்றத்தில்

இடத்தைப் பொறுத்து நாகர்கோவில், பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி ஆகிய ஊர்களில் உள்ள நடுவர் நீதிமன்றங்களில் ஒன்றுக்கு வழக்கு போகும். சட்டப் புத்தகத்தில் 14 ஆண்டு என்றிருந்தாலும் முதல் வகுப்பு நடுவர் விதிக்கக்கூடியது 3 ஆண்டு வரை, தலைமை நீதித்துறை நடுவர் 7 ஆண்டு வரை. தீர்ப்பைக் கேட்டு ‘இவ்வளவுதானா’ என்று திகைக்காமல் இருக்க இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

புகார் கொடுத்த நீங்கள் பெரும்பாலும் அ.சா.1, அதாவது அரசுத் தரப்பின் முதல் சாட்சி. வழக்கை நடத்துபவர் அரசு உதவி வழக்கறிஞர், அவருக்குக் கட்டணம் தர வேண்டியதில்லை. சாட்சி நாளுக்கு முன் அவரைப் பார்த்துப் புகார் நகலை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். குறுக்கு விசாரணையில் வழக்கமாக வரும் கேள்விகள் இவை: புகாரை எழுதியது யார்? பூட்டியதை நீங்களே பார்த்தீர்களா? சாவி வேறு யாரிடம் இருந்தது? இதே மாதிரி நகை கடையில் கிடைக்குமா? ‘கிடைக்கும், ஆனால் ஈயம் வைத்து ஒட்டிய இந்தக் கொக்கி என்னுடையது’ என்று சொல்ல முடிந்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும். தெரிந்ததைத் தெரியும் என்றும், மறந்ததை நினைவில்லை என்றும் சொல்லுங்கள். நடந்ததைக் கேள்விப்பட்டு, பார்த்ததுபோல் சொல்வது வழக்கைக் கவிழ்க்கும்.

நகை திரும்பி வர

தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. மீட்கப்பட்ட நகை நீதிமன்றத்துக்கு வந்ததும் இடைக்காலமாகத் திரும்பத் தரக் கோரி நடுவரிடம் மனு போடலாம். சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், மதிப்புள்ள பொருள்களைக் காவல் நிலையத்தில் நீண்டநாள் கிடத்தாமல் விவரப் பட்டியலும் புகைப்படமும் எடுத்து, பிணைப்பத்திரம் வாங்கி உரிமையாளரிடம் ஒப்படைக்கச் சொல்லியிருக்கிறது. மனுவோடு பில், அடகு ரசீது, கல்யாணப் படம் எல்லாவற்றையும் இணையுங்கள். கிடைத்த பிறகு விற்கவோ அழித்து வேறு நகை செய்யவோ கூடாது, உடைந்த கொக்கியைப் பத்தரிடம் கொடுத்துச் சரிசெய்யவும் வேண்டாம். சாட்சி சொல்லும் நாளில் அதே நகையை அதே நிலையில் கொண்டுவரச் சொல்வார்கள்.